பரா அண்ணையின் இரண்டாவது பை

செய்தி வந்தபோது என் கைகளுக்கு அடியில் ஒரு சமையற்காரரின் தோள் இருந்தது. பாரிஸின் லா சப்பலில் ஓர் உணவகத்தில் கொத்துரொட்டி போடுகிறவர் அவர். அந்த வேலை தோளுக்குச் செய்வதை வாரம் ஒருமுறை என்னிடம் கொண்டுவருவார். குப்புறப் படுத்திருந்தவரின் கைபேசி தரையில் கிடந்து அதிர்ந்தது. கட்டிலின் முகத்துளை வழியாகவே அதை வாசித்துவிட்டு, "ஐயோ, பரா அண்ணை முடிஞ்சிட்டாராம் அக்கா" என்றார்.

"எந்தப் பரா அண்ணை?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"உந்த லா கூர்னெவ் பேஸ்போல் பரா அண்ணை. விடிய வேலைக்கு வெளிக்கிடேக்கை நெஞ்சு நொந்ததாம். ஆம்புலன்ஸ் வரமுதல் சரியாம்."

நான் கையை எடுக்கவில்லை. நேரம் முடியும்வரை அந்தத் தோளை அழுத்திக்கொண்டிருந்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு போகும்போது அவர் கதவில் நின்று, "நீங்கள் அவரோடை நல்ல பழக்கமெல்லோ?" என்றார்.

"இருந்தது" என்றேன்.

சில நாட்களில் கிளப் செயலாளர் குகன் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். நீங்களும் ஒண்டு எழுத வேணும்."

"நானா?"

"வேறை ஆர்? கிளப்பிலை படிச்ச ஆள் நீங்கள்தானே. நல்லதா ரெண்டு பக்கம். கனக்க வேண்டாம்." பிறகு திடீரென்று நினைவு வந்தவர்போல, "தை மாசம் அண்ணையின்ரை பேரிலை ஒரு சுற்றுப்போட்டி வைக்கிறம். உள்ளரங்கம், நல்ல சொபாஜ், சூடாய் இருக்கும். பிள்ளையள் பழகத் தொடங்கியாச்சு. அதைப்பற்றியும் ஒரு வரி போட்டுவிடுங்கோ" என்றார்.

மறுக்கத்தான் நினைத்திருந்தேன். அந்தக் கடைசி வரிக்காக எழுத ஒப்புக்கொண்டேன். குகன் கேட்ட 'நல்லது' இதில் இருக்கிறது. ஆனால் அது மட்டும் இல்லை.

இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலோருக்குப் பரா அண்ணையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஊரிலும் கனடாவிலும் இருந்து வாசிக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். பரராசசிங்கம் என்ற முழுப் பெயர் அவருடைய பத்திரங்களில் மட்டுமே இருந்தது. அகதியாக வந்து, லா கூர்னெவ்வில் உறைமீன் வைக்கும் குளிர்க்களஞ்சியம் ஒன்றில் நெடுங்காலம் பெட்டி தூக்கினார். பிறகு நம்மவர் ஒருவரின் மரக்கறி, பழ இறக்குமதிக் களஞ்சியத்துக்கு மாறினார். சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பேஸ்போல் அணியை நடத்தினார். பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒன்றாக ஆடும் அணி அது. நான் லா சப்பல் மெத்ரோவுக்குப் பின்புறத் தெருவில் கினேயாக, அதாவது இயன்முறைச் சிகிச்சையாளராக, வேலை செய்கிறவள். தசையும் மூட்டும் நோகிறவர்கள் வரும் இடம் என்னுடையது.

அவரும் முதலில் முழங்கை நோவோடுதான் வந்தார். என் கட்டிலில் உட்காரும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். "குளிர், தங்கச்சி. குளிர் உள்ளுக்கை போயிட்டுது." கையில் நல்லெண்ணெய் பூசி, அதற்குமேல் மனைவியின் கம்பளிக் காலுறை ஒன்றை வெட்டி மாட்டியிருந்தார். என்ன வேலை, எப்படித் தூக்குகிறீர்கள் என்று கேட்டு, செய்துகாட்டச் சொன்னேன். ஒவ்வொரு பெட்டிக்கும் மணிக்கட்டை ஒரே பக்கமாகத் திருப்பினார். "இது குளிர் இல்லை அண்ணை. ஒரே அசைவைத் திருப்பித் திருப்பிச் செய்யிறதாலை வாறது. கைக்கு ஓய்வு இல்லை. நீங்கள் வெயில் ஊரிலை இதே பெட்டியைத் தூக்கியிருந்தாலும் இதுதான் வந்திருக்கும்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்து, தலையை ஆட்டி, "ஓம் தங்கச்சி, ஓம். விளங்குது" என்றார். அவ்வளவு கவனமாகக் கேட்கிற நோயாளி எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை என்று நினைத்தேன்.

கை சுகமானபிறகு ஒரு நாள் வந்து, "என்ரை கையை விடுங்கோ, பிள்ளையளின்ரை கையை ஒருக்கால் வந்து பாருங்கோ" என்று அழைத்துப்போனார். ஆர்.ஈ.ஆர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போனால் ஒரு புல்வெளி. உதைபந்தாட்டக் கோடுகளுக்கு மேலேயே சுண்ணாம்பால் சாய்சதுரம் போட்டிருந்தார்கள். ஏன் கிரிக்கெட் இல்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்டுச் சலித்த குரலில் பதில் வந்தது. "கிரிக்கெட்டுக்கு இஞ்சை ஆர் மைதானம் தருவான்? இது எங்கடை எல்லேதான் தங்கச்சி. இவங்கள் நல்ல காற்சட்டை போட்டு விளையாடுறாங்கள், அவ்வளவுதான் வித்தியாசம்." ஊரில் பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடியவர் அவர். தடியும் பந்தும் ஓட்டமும் அவருக்குப் புதிதல்ல. எறிவதுதான் புதிது. அதைக் காணொளிகள் பார்த்துத் தானே கற்று, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். "பந்து கையிலை இருந்து போகக்கூடாது, காலிலை இருந்து போக வேணும்" என்று கத்திக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் பிரெஞ்சில் சிரிப்பார்கள். ஆனாலும் அவர் சொன்னது சரி. உடம்பைச் சேர்த்து எறியாதவனுக்கு முழங்கைதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது.

அங்கே சில பிள்ளைகள் முழங்கையின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார்கள். தாய்மார்கள் கதிரைகளில் இருந்து, "குளிருக்கை நிண்டால் நோகும்தானே, உள்ளுக்கை கம்பளி போட்டிருக்கிறியோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் வாழும் நமக்கெல்லாம் இந்த நம்பிக்கை உண்டு. நோவு எங்கே வந்தாலும் குற்றவாளி ஒருவன்தான்: குளிர். அவனை நாம் இந்த நாட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்தே வெறுக்கிறோம். எல்லாவற்றையும் அவன்மேல் போடுவது சுலபமாக இருக்கிறது.

அன்று அந்தத் தாய்மார்களிடம் நான் சொன்னதை இன்றும் மாற்றமில்லாமல் சொல்வேன். வருடம் முழுவதும் வெயிலடிக்கிற ஊர்களில் பந்தெறியும் பிள்ளைகளின் முழங்கைகள் கூடுதலாகப் பழுதாகின்றன என்று இத்துறையில் பேச்சு உண்டு. பனி விழுந்து மைதானத்தை மூடுகிற ஊர்களில் குறைவு என்கிறார்கள். எதையும் ஒரே காரணத்தில் கட்டுவதை நான் நம்புகிறவள் அல்ல. வெயில் யாருடைய நாரையும் அறுப்பதில்லை. ஆனால் வெயில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. கதவு திறந்திருந்தால் பிள்ளைகள் எறிந்துகொண்டே இருப்பார்கள், பெரியவர்கள் எறியவைத்துக்கொண்டே இருப்பார்கள். முழங்கையின் உட்பக்கத்தில் இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்தச் சிறிய நார் தன்னைத் தேற்றிக்கொள்ள மாதக்கணக்கில் சும்மா இருக்கவேண்டும். "நீங்கள் திட்டுற குளிர்தான் உங்கடை பிள்ளையளின்ரை கையைக் காப்பாத்துது" என்றேன்.

ஒரு தாய் பக்கத்திலிருந்தவளிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே, "பிள்ளை பெறாதவைக்கு எல்லாம் லேசு" என்றாள். பரா அண்ணை திரும்பினார். "அவ படிச்சவ. அவ சொன்னால் சரி. அதுக்குமேலை கதை இல்லை." அந்தக் குரலுக்குப் பிறகு கதை இருக்கவில்லை. என் சார்பில் இப்படிப் பேச இந்த ஊரில் எனக்கு அதிகம் பேர் இல்லை. அன்று ஆர்.ஈ.ஆரில் திரும்பும்போது, நீண்ட காலத்துக்குப்பின், ஓர் இடத்தில் நானும் இருக்கிறேன் என்று தோன்றியது.

குளிர் கதவை மூடுவதும் முன்புபோல் இல்லை. நான் படிக்கிற காலத்தில் நவம்பரில் மைதானம் சேறாகிவிடும். பிறகு கல்லாகிவிடும். இப்போது நத்தாருக்கு முதல் வாரத்தில்கூடப் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறார்கள். மாசியில் வெயில் வருகிறது. பருவம் தானாகப் பூட்டாவிட்டால் நாம்தான் பூட்டவேண்டும், நவம்பரிலிருந்து மார்ச் வரை யாரும் பந்தைத் தொடக்கூடாது என்று பரா அண்ணையிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "நீங்கள் சொன்னால் சனம் கேளாது. நான் சொன்னாலும் கேளாது. வேறை ஒராள் சொல்ல வேணும்."

"ஆர்?"

"சரசுவதி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாணி விழாவில் பிள்ளைகள் புத்தகத்தைப் பூசையில் வைத்தால் தொடமாட்டார்கள் அல்லவா, பந்தையும் கையுறையையும் அப்படி வைப்போம் என்றார். விசயதசமி அன்று புத்தகத்தைத் திருப்பி எடுக்கலாம். பந்தை மட்டும் மார்ச் மாதம் எடுப்போம். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் பெற்றோரை இதைவிட நன்றாக அறிந்த திட்டம் எந்த மருத்துவரிடமும் இராது என்று பட்டது. ஒப்புக்கொண்டேன்.

அந்த முதல் விழா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில், வெள்ளைத் துணிக்கு மேல், அரிச்சுவடிகளுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் நடுவில் பரா அண்ணை ஒரு துணிப்பையில் கொண்டுவந்த, சிவப்புத் தையல் போட்ட பந்துகள் இருந்தன. ஐயர் குனிந்து பார்த்து, "இதென்ன பரா, தோடம்பழமே?" என்றார். "இதுவும் படிப்புத்தான் ஐயா" என்றார் இவர். அவலும் கடலையும் தின்றுகொண்டே பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பந்தைத் தகரப் பெட்டியில் போட்டார்கள். பூட்டியதும் அவர் என்னைப் பார்த்து, "இனிப் பங்குனிதான், டொக்டர் அம்மா" என்றார். நான் டொக்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியும், சந்தோசமாக இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார்.

பல வருடங்கள் இது நடந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் பெட்டி திறந்தது. பிள்ளைகள் மெதுவாக எறியத் தொடங்கினார்கள். முழங்கை நோவு குறைந்துவிட்டது என்று நான் நம்பினேன். பிற மாவட்டங்களில் வேலை செய்கிற கினேமார்களிடம்கூட இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சாருஜாவை நான் பார்க்கத் தொடங்கியது அவளுடைய பதினான்காவது வயதில். அணியின் எறிகாரி அவள். கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி எறிவாள். அந்தக் கணத்தில் மட்டையோடு நிற்கிற பையன்கள் கண்ணை மூடிவிடுவார்கள் என்று பரா அண்ணை சொல்லிச் சிரிப்பார். "கை ஒண்டுதான் தங்கச்சி, மிச்சமெல்லாம் வாய். உவளுக்குக் கை இருக்கு." தேசிய இளையோர் பயிற்சி மையம் ஒன்றின் தெரிவு அவளுக்காகக் காத்திருந்தது. அதில் எடுபட்டால் விடுதியோடு படிப்பும் கிடைக்கும். தாய் கௌரி லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறவள். தகப்பன் இல்லை. அந்தத் தெரிவு அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

குளிர்காலச் சனிக்கிழமைகளில் பிற்பகல் அவள் என்னிடம் வருவாள். முழங்கையின் உட்பக்கம் நோகிறது என்பாள். "எறிந்தாயா?" என்று கேட்பேன். "இல்லை, அன்ரி. பந்தெல்லாம் சரசுவதியிடம் இருக்கிறதே" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பாள். எறியாத கை ஏன் நோகிறது என்று எனக்குப் புரியவில்லை. வளருகிற எலும்பு என்றும், பள்ளிப் பை என்றும் காரணம் தேடி, அதற்கேற்ற பயிற்சிகளைக் கொடுத்தேன். அவளுடைய சட்டையில் எப்போதும் பழுத்த வாழைப்பழ மணம் இருக்கும். தாயின் கடை மணம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பதினாறு வயதான வசந்தத்தில், தெரிவுக்கு இரண்டு வாரம் இருக்கையில், மைதானத்தில் ஒரு பந்தை எறிந்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேனில் நார் கிழிந்திருந்தது.

சத்திரசிகிச்சை மருத்துவரிடம் நானும் போனேன். கௌரிக்கு அந்த அளவுக்குப் பிரெஞ்சு போதாது. வருடத்தில் எத்தனை மாதம் எறிகிறாள் என்று மருத்துவர் கேட்டார். மற்றவர்கள் வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்கள் பிள்ளைகள் எறிவதில்லை, அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவள் நான், அதற்கு நானே பொறுப்பு என்றேன். அவர் படத்தைத் திரும்பப் பார்த்தார். மிக மரியாதையாக, "இந்த நார் அப்படிச் சொல்லவில்லையே, மதாம்" என்றார்.

சாருஜா அழத் தொடங்கினாள். "சனிக்கிழமைகளில் எறிந்தேன்" என்று பிரெஞ்சில் சொன்னாள். "பழ அறையில். இரண்டு குளிர்காலமும்."

அப்போது கௌரி தமிழில் மகளை அதட்டினாள். "இஞ்சை ஏனடி இதைச் சொல்லுறாய்?"

அந்த அதட்டலில்தான் எனக்கு விளங்கியது. தாய்க்குத் தெரியும். வெளியே நடைபாதையில் அவள் என் கையைப் பிடித்தாள். "கோவிக்காதேங்கோ அக்கா. அண்ணைதான் சொன்னவர், உங்களுக்குச் சொன்னால் நீங்கள் மனம் நோவியள் எண்டு. எல்லாருமாச் சேர்ந்துதான் சொல்லாமல் விட்டது."

"எல்லாரும் எண்டால்?"

அவள் தரையைப் பார்த்தாள். "எல்லாரும்தான் அக்கா."

இதை வாசிக்கிற உங்களில் அந்த 'எல்லாரும்' இருக்கிறீர்கள். சாருஜா மட்டும் அல்ல, வேறு பிள்ளைகளும் போனார்கள் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. நீங்கள் அவர்களைக் காரில் கொண்டுபோய் இறக்கினீர்கள். வாணி விழாவில் என்னோடு நின்று பந்தைப் பெட்டியில் வைத்தீர்கள். எனக்கு அவல் தந்தீர்கள்.

அன்றே பரா அண்ணை வேலை செய்த பழக் களஞ்சியத்துக்குப் போனேன். பின்பாதியில் ஒரு நீண்ட நடைவழி. அதன் ஒரு பக்கத்தில் வாழைப்பழமும் மாம்பழமும் பழுக்கவைக்கும் அறை. அதன் கதவு திறந்திருந்தால் நடைவழி முழுவதும் கதகதப்பாகிவிடும். கடைசிச் சுவரில் ஒரு பழைய மெத்தை தொங்கியது. நடுவில் பந்து பட்ட இடம் கறுத்துப்போயிருந்தது. சாருஜாவின் சட்டையில் இருந்த மணம் அங்கே முகத்தில் அறைந்தது. ஒரு பலகைத் தட்டுக்குக் கீழே இரண்டாவது துணிப்பை ஒன்று இருந்தது. அதற்குள் பந்துகள். சரசுவதி முன்னால் வைக்கப்படாத பந்துகள்.

பரா அண்ணை பெட்டி ஒன்றை இறக்கிவைத்துவிட்டு வந்தார். ஒளிக்க முயலவில்லை. "சுகமாகும்தானே தங்கச்சி? ஒப்பரேசன் செய்தால் சரிவரும்தானே?"

"தெரிவு போச்சுது அண்ணை. இனி அந்தக் கையாலை அப்பிடி எறிய ஏலுமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"குளிருக்கை கையை விட்டால் இறுகிப் போகும். பங்குனியிலை எடுத்த உடனை எறிஞ்சால் முறிஞ்சு போகும். நான் சூட்டிலை வைச்சிருந்தனான். வெயிலைக் கண்டால் கைக்குப் புத்தி வரும் தங்கச்சி. இஞ்சை வெயில் இல்லை, அதுதான் இந்த அறை. என்ரை கை குளிரிலைதானே செத்தது. அவளின்ரை கை சாகக்கூடாது எண்டுதான்."

"உங்கடை கை குளிரிலை சாகேல்லை. பெட்டி தூக்கிச் செத்தது. முதல் நாளே சொன்னனான்."

"சொன்னீங்கள்."

"நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

"ஓம்."

"நம்பினீங்களோ?"

அவர் பெட்டியின் விளிம்பைத் தடவினார். பிறகு, ஒரு சின்னப் பிள்ளைக்கு விளக்குகிறவர்போல, "நீங்கள் அவ்வளவு படிச்சுப்போட்டுச் சொல்லேக்கை இல்லை எண்டு சொல்லுறது மரியாதை இல்லைத்தானே தங்கச்சி" என்றார்.

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

எத்தனையோ இரட்டைப் பேச்சுகளை என் தொழிலில் கேட்டிருக்கிறேன். பயிற்சி செய்தேன் என்பார்கள், செய்திருக்கமாட்டார்கள். அது எனக்குப் பழக்கம். இது வேறு. பரா அண்ணை ஒருநாளும் என்னை நம்பவில்லை. தன் முழங்கை சொன்னதை நம்பினார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. என்னோடு ஒரே ஒருமுறை சண்டை பிடித்திருந்தால், "உங்கடை படிப்பு பிழை" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், நான் பதில் சொல்லியிருப்பேன். என்னால் அவரை மாற்ற முடியாமல்கூடப் போயிருக்கலாம். ஆனால் சாருஜா இரண்டு குளிர்காலமும் எறிகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கையை நான் வேறுவிதமாகப் பார்த்திருப்பேன். அவர் எனக்குத் தந்தது மரியாதை. "அவ சொன்னால் சரி, அதுக்குமேலை கதை இல்லை" என்ற அந்த வாக்கியத்தைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். அது என்னைக் காக்கப் போட்ட வேலி என்று நினைத்திருந்தேன். அந்த வேலிக்கு வெளியேதான் என்னை நிறுத்தியிருந்தார்கள். வருடாவருடம் நடந்த அந்தப் பூசை சரசுவதிக்கு அல்ல, எனக்கு வைத்தது.

அதன்பின் நான் கிளப்புக்குப் போகவில்லை. அவர் அழைத்தபோது எடுக்கவில்லை. ஒருமுறை என் வாசலில் ஒரு பெட்டி மாம்பழம் இருந்தது. பெயர் எதுவும் இல்லை, பெயர் தேவையும் இல்லை. காத்திருந்த நோயாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். நல்ல பழம் என்றார்கள். இந்த வருட வாணி விழாவுக்கும் அவர் வழக்கம்போலப் பெட்டியைப் பூட்டினாராம். இரண்டாவது பையையும் அதற்குள் வைத்தாரா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. வைத்திருப்பார் என்று நினைக்க எனக்கு விருப்பம்தான். விருப்பத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்வது என் வழக்கம் இல்லை.

சுடலையில் சாருஜாவைக் கண்டேன். இப்போது பதினெட்டு வயது. அந்தக் கை முழுவதுமாக நீளாது. அணியில் முதற்தளத்தில் நிற்கிறாள். வருகிற பந்தைப் பிடிப்பதுதான் அங்கே வேலை. பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கூடத்துக்கு வெளியே நின்றோம். அவர்மேல் கோபமா என்று கேட்டேன்.

"அவர்தான் எனக்கு எறியக் கற்றுத்தந்தார்" என்று பிரெஞ்சில் சொன்னாள். "நானும் உங்களுக்குப் பொய் சொன்னேன், அன்ரி. ஆனால் எனக்கு அப்போது பதினாலு வயது. அவருக்கு அறுபதுக்கு மேல்." பிறகு, எங்களோடு அதிகம் பேசாத தமிழில், "தை மாசம் மாட்ச் வைக்கினமாம். சின்னப் பிள்ளையள் இப்பவே எறியினம். நீங்கள் சொல்லுங்கோ அன்ரி. நான் சொன்னால், கை போனதாலை எரிச்சல் எண்டு சொல்லுவினம்" என்றாள்.

அதனால் சொல்கிறேன். பரா அண்ணையின் பெயரில் தை மாதத்தில் பிள்ளைகளை எறியவைக்காதீர்கள். சூடான மண்டபம் என்பது பெரிய பழ அறைதான். அவர் பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்றால் சித்திரையில் செய்யுங்கள், புல்வெளியில் செய்யுங்கள். நான் சொல்வது பிழை என்று நினைத்தால் முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் எழுந்து நின்று என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதுதான் எனக்குச் செய்யும் மரியாதை. தயவுசெய்து ஓம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். போன வாரம் அவருடைய மனைவி மலர் அக்கா என் வாசலுக்கு வந்தார். கையில் அந்தத் துணிப்பை. களஞ்சியத்துக்காரர் அண்ணையின் சாமான்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதில் இது இருந்திருக்கிறது. அண்ணை ஏதும் சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. வீட்டிலை வைக்க இடமில்லை. குகன் கேட்டவர், மாட்சுக்கு வேணுமாம். எனக்கென்னவோ உங்களிட்டைத் தரவேணும்போலை இருந்தது." தேநீர் குடித்துவிட்டு அவர் பஸ் எடுக்கப் போனார்.

பையைத் திறந்தபோது இன்னும் பழ மணம் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பால்கனியில், வெளியே, குளிரில் வைத்திருக்கிறேன். தோல் பந்துகள், நனைந்தால் கெட்டுவிடும். அதனால் மழை படாதபடி மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடியிருக்கிறேன். குகனும் மற்றவர்களும் தேடவேண்டாம். பங்குனி பிறந்ததும் நானே மைதானத்துக்குக் கொண்டுவருகிறேன்.